24 மணி நேர யூரின் டெஸ்ட்: முதல் யூரின் கேனுக்கு இல்லை!

உங்க அப்பாவுக்குச் சர்க்கரை. கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறியிருக்கு. டாக்டர் சீட்டில் '24 மணி நேர யூரின்' என்று எழுதிவிட்டார். லேபில் ஒரு பெரிய கேனைக் கொடுத்து, 'நாளைக்குக் கொண்டு வாங்க' என்று அனுப்பிவிடுவார்கள். காலையில் எழுந்ததும் கேனில் பிடிக்க ஆரம்பிக்கணும்னுதானே தோணும்? தப்பே அங்கேதான் ஆரம்பிக்குது.

காலை 6 மணிக்கு எழுந்தால், அந்த முதல் யூரின் டாய்லெட்டுக்கு. அது ராத்திரி முழுக்கச் சேர்ந்தது, கணக்கில் வராது. நேரத்தை மட்டும் போனில் குறிச்சுக்கோங்க. அதற்கப்புறம் பகலோ ராத்திரியோ, எல்லாமே கேனுக்கு. மறுநாள் காலை அதே 6 மணிக்கு ஒருமுறை போகச் சொல்லி, அதையும் சேர்த்தால் முடிந்தது. மோஷன் போகும்போது வரும் யூரின் எளிதில் தவறிவிடும். அதனால், முதலில் யூரினைப் பிடித்துவிட்டு அப்புறம் உட்காரச் சொல்லுங்க. கேன் குளிர்ச்சியாக இருக்கணும். ஃப்ரிட்ஜில் வைக்க அம்மா சம்மதிக்கப் போவதில்லை. ஐஸ் போட்ட வாளிதான் நடக்கிற காரியம். கேனுக்குள் லேபில் ஏதாவது திரவம் ஊற்றியிருந்தால் கொட்டிடாதீங்க. அது ஆசிட்டாகவும் இருக்கலாம். அதனால், சுத்தமான மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றுவதே நல்லது.

ஒருமுறை விட்டுப்போனால் என்ன ஆகும்? யூரினின் மொத்த அளவு, அதிலுள்ள கிரியாட்டினின், ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின், இந்த மூன்றையும் வைத்துத்தான் கிட்னி நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்குப் போடுவார்கள். 1,800 மி.லி. இருக்க வேண்டிய இடத்தில் 1,400 போனால், சுமாராக வேலை செய்யும் கிட்னி படுமோசமாகத் தெரியும். முதல் யூரினையும் சேர்த்துவிட்டால் நேரெதிர். கெட்ட கிட்னி நல்லதாகத் தெரியும். என்னைக் கேட்டால், ரெண்டாவதுதான் பெரிய ஆபத்து. சில மருந்துகளின் டோஸையே இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதனால, விட்டுப்போனால் மறைக்காம லேபில் சொல்லிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிங்க.

நல்ல செய்தி, இன்று பலருக்கு இந்தக் கேனே தேவைப்படுவதில்லை. ரத்தப் பரிசோதனையிலிருந்து இ.ஜி.எஃப்.ஆர்., சின்ன டப்பா யூரினிலிருந்து ஏ.சி.ஆர்., இந்த ரெண்டும் போதும். ஏ.சி.ஆர். என்பது ஆல்புமின் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். தண்ணீர் அதிகம் குடித்து யூரின் நீர்த்துப்போனாலும் ரெண்டும் சேர்ந்தே நீர்க்கும். விகிதம் பெரிதாக மாறாது. இந்த டெஸ்ட்டுக்கு மட்டும் காலை முதல் யூரின்தான் பெஸ்ட். ஆரம்பத்தில் கொஞ்சம் விட்டுட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கணும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நார்மல். 300-ஐத் தாண்டினால் கசிவு தீவிரம்.

காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், பீரியட்ஸ், முந்தின நாள் ஜிம்மில் போட்ட வெறித்தனமான ஒர்க்அவுட் எல்லாமே இந்த எண்ணை ஏற்றிவிடும். அதனால்தான் ஒரே ரிப்போர்ட்டை வைத்து நாள்பட்ட கிட்னி நோய் என்று சொல்ல மாட்டார்கள். 3 மாதமாவது பாதிப்பு நீடிக்கணும். உங்க வயசுல சிலருக்கு நிற்கும்போது மட்டும் புரதம் கசியும், படுத்தால் நின்றுவிடும். பகல் யூரினில் புரதம் இருக்குன்னு வந்தா, பதறுவதற்கு முன்னாடி காலை முதல் யூரினில் ஒருமுறை பார்க்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க.