போகச் சொன்ன இடங்கள்

ஆஸ்கர் ராபர்ட்சன் என்றதும் கூடைப்பந்து ரசிகர்கள் மூன்று எண்களைச் சொல்வார்கள்: 30.8, 12.5, 11.4. 1961-62 சீசனில் சின்சினாட்டி ராயல்ஸ் அணிக்காக ஆடியபோது, ஆட்டத்துக்குச் சராசரியாக அவர் எடுத்த புள்ளிகள், பிடித்த ரீபவுண்டுகள், கொடுத்த அசிஸ்ட்டுகள் அவை. மூன்றிலும் பத்துக்கு மேல் சராசரி வைத்து இன்னொருவர் ஒரு சீசனை முடிக்க 55 ஆண்டுகள் ஆயின. 2016-17இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் அதைச் செய்தார். மூன்றிலும் இரட்டை இலக்கத்தை எட்டுவதைக் குறிக்கும் 'டிரிபிள் டபுள்' என்ற சொல்லே ராபர்ட்சன் ஆடிய நாளில் புழக்கத்தில் இல்லை. அதைத் தனியாக எண்ணிப் பார்க்கவும் அன்று ஆளில்லை. எண்கள் பெரியவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவரை இந்த எண்களோடு நிறுத்திவிடுகிறவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார் என்பது என் எண்ணம். 1970இல் அவர் பெயரில் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு, கூடைப்பந்து ஆடிப் பிழைப்பது என்ற தொழிலையே மாற்றியமைத்தது. ஓர் ஆட்டக்காரர் எந்த ஊரில், யாருக்காக ஆடுவது என்பதை யார் தீர்மானிப்பது? வழக்கின் கேள்வி அவ்வளவுதான். அந்தக் கேள்வி ராபர்ட்சனின் வாழ்க்கையில் பள்ளிக்கூடத்திலேயே முளைத்துவிட்டது.

1938இல் டென்னசி மாநிலத்தில் பிறந்தவர், வளர்ந்தது இண்டியானாபொலிஸில், கறுப்பின மக்களுக்கென்று கட்டிய லாக்ஃபீல்ட் கார்டன்ஸ் குடியிருப்பில். பந்து வாங்க வசதியில்லாத வீடு. டென்னிஸ் பந்துகளையும் கந்தல் துணியையும் ரப்பர் வளையம் போட்டுச் சுற்றி, பீச் பழக்கூடைக்குள் எறிந்து பழகிய கை அது. படித்த பள்ளி கிறிஸ்பஸ் அட்டக்ஸ். ஊரின் கறுப்பின மாணவர்களை ஒரே இடத்தில் ஒதுக்கி வைக்க 1927இல் திறந்தது. 1940களின் தொடக்கம் வரை மாநிலப் போட்டியில் ஆடவே அந்தப் பள்ளிக்கு அனுமதி கிடையாது. 1955இல் அதே பள்ளி இண்டியானா மாநிலக் கோப்பையை வென்றது. கறுப்பினப் பள்ளி ஒன்று அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் அதுவரை அப்படியொரு பொதுக் கோப்பையை வென்றதில்லை. வென்ற பள்ளியின் பிள்ளைகள் ஊர் நடுவிலுள்ள நினைவுத்தூண் வட்டத்தில் கூடிக் கொண்டாடுவது அங்கே வழக்கம். அட்டக்ஸ் பிள்ளைகள் வந்த தீயணைப்பு வண்டி அந்த வட்டத்தை ஒரு சுற்று மட்டும் சுற்றியது. பிறகு வண்டியைக் கறுப்பினத்தவர் வாழும் பகுதியிலிருந்த பூங்காவுக்குத் திருப்பினார்கள். கொண்டாட்டம் அங்கே போதும் என்பது ஊர்ப் பெரியவர்களின் முடிவு. ஊருக்கே பெருமை தேடித் தந்தவர்களை ஊர் நடுவில் நிற்க விடவில்லை. ராபர்ட்சன் அதைப் பின்னாளிலும் மறக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 16.

சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் நாட்டிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்துவிட்டு, 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கமும் வாங்கிக்கொண்டு தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்கு வந்தார். எந்த அணிக்கு என்று அவரை யாரும் கேட்கவில்லை. தங்கள் ஊரை ஒட்டிய கல்லூரியில் ஆடுகிறவரை, முதல் சுற்றுத் தேர்வை விட்டுக்கொடுத்துவிட்டு உரிமையோடு எடுத்துக்கொள்ளலாம் என்றொரு விதி அணிகளுக்கு இருந்தது. அதன்படி அவர் ராயல்ஸ் அணியில் சேர்ந்தார். உள்ளே வந்தபின் கதவு அடைபட்டது. லீக்கின் பொது ஒப்பந்தப் படிவத்தில் ஒரு பிரிவு: புதிய ஒப்பந்தத்தில் ஆட்டக்காரர் கையெழுத்திடாவிட்டால் பழையதை அணி தானாகவே இன்னோர் ஆண்டுக்கு நீட்டித்துக்கொள்ளலாம். ஓர் ஆண்டு என்று எழுதியிருந்ததை, நீட்டித்த ஒப்பந்தத்திலும் அதே பிரிவு இருக்கிறதே என்று காட்டி, முடிவே இல்லாத பிடியாக அணிகள் ஆக்கிவைத்திருந்தன. விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளலாம். மூன்றும் அணியின் கையில். ஆட்டக்காரர் கையில் இருந்தது ஒன்றுதான், ஆட்டத்தை விட்டுவிடுவது. ரிக் பேரி 1967இல் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர். சான் பிரான்சிஸ்கோ வாரியர்ஸை விட்டுவிட்டு, அந்த ஆண்டு தொடங்கிய போட்டி லீக்கான ஏ.பி.ஏ.வில் ஓக்லண்ட் அணிக்குப் போகிறேன் என்றார். நீட்டிப்பு ஆண்டு பாக்கியிருக்கிறது என்று நீதிமன்றம் அவரைத் தடுத்தது. தன் ஆட்டம் உச்சத்தில் இருந்த நேரத்தில் ஒரு முழு சீசனை அவர் ஆடாமல் கழித்தார்.

இந்தப் பிடியை அசைக்க ஒரு சங்கம் இருந்தது, பாஸ்டன் செல்டிக்ஸின் பாப் கூசி 1954இல் தொடங்கியது. பத்தாண்டுகள் அதன் குரல் அணி உரிமையாளர்களின் காதில் சரியாக விழவில்லை. 1964 ஜனவரி 14, பாஸ்டன் கார்டன் அரங்கம். நட்சத்திர ஆட்டக்காரர்கள் இரு பிரிவாக மோதும் ஆண்டு ஆட்டத்தை ஏ.பி.சி. தொலைக்காட்சி நாடு முழுக்கக் காட்டக் காத்திருக்கிறது. பனிப்புயலுக்குத் தப்பித் தட்டுத்தடுமாறி வந்துசேர்ந்த ஆட்டக்காரர்கள், ஓய்வூதியத் திட்டத்துக்கு வாக்குறுதி வராமல் ஆடுகளத்தில் கால் வைப்பதில்லை என்று உடைமாற்றும் அறைக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். லேக்கர்ஸ் உரிமையாளர் பாப் ஷார்ட், தன் ஆட்கள் எல்ஜின் பெய்லரும் ஜெர்ரி வெஸ்ட்டும் உடனே வெளியே வராவிட்டால் நடப்பதே வேறு என்று காவலாளி மூலம் சொல்லியனுப்பி மிரட்டினார். இருவரும் அசையவில்லை. எதிரெதிர் அணிகளில் ஆட வந்தவர்கள் ஒரே அறையில் ஒரே பேச்சாக நின்றார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, லீக் தலைவர் வால்டர் கென்னடி அறை வாசலுக்கு வந்து வாக்குக் கொடுத்தார். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் விருது ராபர்ட்சனுக்கு. அடுத்த ஆண்டு சங்கத்தின் தலைவர் பொறுப்பும் அவரிடம் வந்தது. அமெரிக்காவில் தேசிய அளவிலான விளையாட்டுச் சங்கம் ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் தலைவரானது அதுவே முதல் முறை. ஒன்பது ஆண்டுகள், ஆடிய கடைசி நாள் வரை, அந்தப் பொறுப்பில் இருந்தார்.

1970இன் தொடக்கத்தில் ராயல்ஸ் அவரைக் கைமாற்றிவிட முடிவு செய்தது. அணியின் பயிற்சியாளர் அப்போது பாப் கூசி. சங்கத்தைத் தொடங்கியவரே சங்கத் தலைவரை வேறு ஊருக்கு அனுப்பும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கூசியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் போனவர் யாராக இருந்தாலும் அந்தப் படிவம் அவரை அப்படித்தான் நடக்க வைக்கும். முதலில் பால்டிமோருக்கு என்று பேசி முடித்தார்கள். ராபர்ட்சன் மாட்டேன் என்றார், பேச்சு அங்கேயே நின்றது. தன் சம்மதம் இல்லாமல் தன்னை மாற்றக் கூடாது என்றொரு வரியை அவர் தன் ஒப்பந்தத்தில் முன்பே எழுதி வாங்கியிருந்தார். லீக்கின் தலைசிறந்த இரண்டு மூன்று பேரில் ஒருவராக இருந்ததால் அவருக்குக் கிடைத்த வரி அது. பெஞ்சில் உட்கார்ந்து வாய்ப்புக்காகக் காத்திருந்த ஆட்டக்காரருக்கு அது கனவிலும் கிடைக்காது. இந்த வேறுபாடுதான் இங்கே முக்கியம் என்று நினைக்கிறேன். ராபர்ட்சனுக்குத் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ள வழி இருந்தது. ஏப்ரலில் தன் விருப்பத்தோடே மில்வாக்கி பக்ஸ் அணிக்குப் போனார். மறு ஆண்டு சக ஆட்டக்காரர் லூ அல்சிண்டரோடு சேர்ந்து, இறுதிச் சுற்றில் பால்டிமோரை நான்குக்குப் பூஜ்யம் என்று வென்று சாம்பியன் பட்டமும் பெற்றார். அதே ஏப்ரலில்தான், அந்த ஒற்றை வரி தனக்குத் தந்த குரல் எல்லோருக்கும் வேண்டும் என்று தன் பெயரை வழக்கின் தலைப்பில் போட்டார்.

பதினான்கு அணிகளின் பிரதிநிதிகளான பதினான்கு ஆட்டக்காரர்கள் வாதிகள். சங்கத் தலைவர் என்பதால் ராபர்ட்சன் பெயர் முன்னால் நின்றது. என்.பி.ஏ.வும் ஏ.பி.ஏ.வும் இணையப் போவதாக இருந்தன. இணைந்தால் ஆட்டக்காரர்களை விலைபேச ஒரே ஒரு முதலாளிதான் மிஞ்சுவார், ஆகவே இணைப்பைத் தடுக்க வேண்டும், புதியவர்களை அணிகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் முறையும் நீட்டிப்புப் பிரிவும் ஏகபோகத்துக்கு எதிரான சட்டத்தை மீறுகின்றன என்பது வாதம். அதே ஆண்டு ஜனவரியில் பேஸ்பால் ஆட்டக்காரர் கர்ட் ஃபிளட் ஏறக்குறைய இதே கேள்வியோடு நீதிமன்றம் போனார். 1972இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவர் வாதம் பலவீனமாக இருந்ததால் அல்ல. பேஸ்பாலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 1922இல் அதே நீதிமன்றம் கொடுத்திருந்த விலக்கைத் தொட நீதிபதிகள் தயங்கினார்கள். கூடைப்பந்துக்கு அந்த விலக்கு இல்லை. இணைப்புக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. 1971இல் செனட் குழு முன்னாலும் ராபர்ட்சன் சாட்சி சொன்னார். வழக்கு பின்னர் நீதிபதி ராபர்ட் கார்ட்டரிடம் வந்தது. பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை ஒழித்த பிரவுன் வழக்கில் வாதாடிய வழக்கறிஞர் அவர். பாகுபாட்டுப் பள்ளியில் படித்த ஆட்டக்காரரின் வழக்கு அவர் மேசையில் போய் விழுந்தது தற்செயல்தான், என்றாலும் அதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1975இல் கார்ட்டர் லீக்கின் வாதங்களைத் தள்ளி, வழக்கு முழு விசாரணைக்குப் போகட்டும் என்றார். தோற்பது உறுதி என்று தெரிந்த உரிமையாளர்கள் 1976இல் சமரசத்துக்கு இறங்கி வந்தார்கள். நீட்டிப்புப் பிரிவு போனது. பாதிக்கப்பட்ட ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 43 லட்சம் டாலர் இழப்பீடு. அதன் பிறகே ஏ.பி.ஏ.வின் நான்கு அணிகள் என்.பி.ஏ.வில் சேர்ந்தன.

வழக்குக்கு இவ்வளவு பெருமை எதற்கு, சம்பளம் ஏறியது ஏ.பி.ஏ.வின் போட்டியாலும் தொலைக்காட்சிப் பணத்தாலும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இரண்டு லீக்குகள் ஓர் ஆட்டக்காரரின் கதவைத் தட்டிய அந்த ஆண்டுகளில்தான் சம்பளம் பல மடங்கானது, உண்மை. ஆனால் அந்தப் போட்டி 1970இலேயே முடிய இருந்தது. ஆறு ஆண்டுகள் அதை உயிரோடு வைத்திருந்தது இந்த வழக்கு வாங்கிய தடைதான். போட்டி வேறு, வழக்கு வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இந்தத் தேதிகளைப் பார்ப்பதில்லை. தொலைக்காட்சிப் பணமும் தானாக ஆட்டக்காரரின் பைக்கு வந்துவிடாது. போக வேறு இடம் இல்லாதவருக்கு முதலாளி கூடக் கொடுக்கக் காரணமே இல்லை.

இன்னொரு மறுப்பு சற்றுக் கனமானது. ஆட்டக்காரர்களைக் கட்டிவைக்காவிட்டால் பணக்கார ஊர்கள் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும், சிறிய ஊர் அணிகள் அழியும், போட்டியில் சுவை இருக்காது என்றார்கள் உரிமையாளர்கள். கட்டிவைத்திருந்த காலத்தின் கணக்கைப் பார்க்கலாம். 1957 முதல் 1969 வரை பதின்மூன்று சீசன்கள். அதில் பதினொன்றை பாஸ்டனே வென்றது, அதிலும் எட்டு தொடர்ச்சியாக. அந்தப் பாஸ்டனிடம் பலமுறை தோற்ற ராபர்ட்சன் பத்தாண்டுகள் ராயல்ஸில் இருந்தும் ஒருமுறைகூட இறுதிச் சுற்றை எட்டவில்லை. சிறிய ஊரின் கதையோ இன்னும் வருத்தம் தருவது. ராபர்ட்சனை ஆண்டுக்கணக்கில் பிடித்துவைக்கும் உரிமை முழுதாக இருந்தும் சின்சினாட்டியால் தன் அணியைப் பிடித்துவைக்க முடியவில்லை. 1972இல் உரிமையாளர்கள் அணியையே கான்சாஸ் சிட்டிக்கும் ஒமாஹாவுக்கும் எடுத்துச் சென்றார்கள். ஆட்டக்காரர் ஊர் மாறினால் ஆட்டம் அழியும் என்றவர்கள், அணி ஊர் மாறுவதற்கு மட்டும் தடை கேட்கவே இல்லை. 1976க்குப் பிறகு சமநிலை வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 1980களில் லேக்கர்ஸும் பாஸ்டனும் பட்டங்களைப் பங்குபோட்டது தெரிந்ததே. சமநிலைக்கு வேறு காரணங்கள் இருக்கலாம். ஆளைக் கட்டிவைப்பது அவற்றில் ஒன்றல்ல என்பதற்கு மட்டும் இந்தப் பதின்மூன்று ஆண்டுகள் போதிய சான்று.

பந்தை எறிந்து நல்ல பணம் வாங்கியவர்களைத் தொழிலாளர் போராட்டத்தின் மொழியில் பேசலாமா என்ற தயக்கமும் உண்டு. சுரங்கத்தில் வேலை செய்தவரின் பாட்டோடு இதை ஒப்பிடக் கூடாதுதான், நானும் ஒப்பிடவில்லை. ஆனால் அந்த நாளில் ஆட்டக்காரர்கள் பலர் கோடையில் வேறு வேலை பார்த்தார்கள். முழங்கால் போனால் அத்தோடு சரி. பத்து ஆண்டுக்குள் முடியும் பிழைப்பில் ஓர் ஆண்டை இழப்பது, முப்பது ஆண்டு வேலை செய்கிறவர் மூன்று ஆண்டை இழப்பதற்குச் சமம். பேரி இழந்தது அதைத்தான். தவிரவும், கூலி கூடுதலாக இருப்பதால் ஒருவரின் சம்மதம் தேவையில்லாமல் போய்விடாது. 1970இல் லீக்கில் ஆடியவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ஒருவரை அவர் சம்மதமின்றி இன்னோர் ஊருக்குக் கைமாற்றும் காகிதத்தை அவர்கள் எந்த நினைவோடு படித்திருப்பார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை.

சமரசத்தால் எல்லாம் ஒரே நாளில் கைகூடவில்லை. முதலில், போகிறவருக்கு ஈடாகப் பழைய அணிக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்றார்கள். பிறகு, வெளியிலிருந்து வரும் விலையைத் தானே கொடுத்து ஆளை நிறுத்திக்கொள்ளும் உரிமையைப் பழைய அணிக்குத் தந்தார்கள். முழு விடுதலை 1988 கோடையில்தான். அன்று டாம் சேம்பர்ஸ் சியாட்டிலை விட்டு, யாருக்கும் எந்த ஈடும் இல்லாமல், ஃபீனிக்ஸுக்குப் போனார். ராபர்ட்சன் 26,710 புள்ளிகளோடு ஓய்வு பெற்று அப்போது பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் பெயர் தாங்கிய வழக்கின் பலன் அவருடைய ஆட்ட வாழ்க்கைக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. சேம்பர்ஸ் கையெழுத்திட்ட அந்தக் கோடையில் அவருக்கு வயது 49. ராயல்ஸ் போய்விட்ட சின்சினாட்டியிலேயே வீடு வைத்துக்கொண்டு, சொந்தமாகத் தொடங்கிய ரசாயன நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஊரில் இருக்கச் சொல்லி இப்போது எந்த ஒப்பந்தமும் இல்லை.