உளவியல் முதற்பாடமும் எரிகோ சாலையும்

மனிதரின் நடத்தையைப் புரிந்துகொள்ளும் ஆவலோடு பல்கலைக்கழகத்தில் உளவியலின் முதற்பாடத்தைத் தெரிந்துகொள்ளும் மாணவர், சமூக உளவியல் என்னும் அதிகாரத்திற்கு வரும்போது பெரும்பாலும் ஓர் இறையியற் கல்லூரிக்குள் நுழைகின்றனர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியற் கல்லூரி மாணவர் 40 பேரைக் கொண்டு 1970 டிசம்பரில் நடத்தப்பெற்ற சோதனையை அவ்வதிகாரம் விவரிக்கும். நல்ல சமாரியன் உவமையைப் பற்றிப் பேசுவதற்கென்றே விரைந்து சென்ற மாணவருட் சிலர், வழியில் துன்புற்றுக் கிடந்த மனிதனைக் கடந்து போயினர் என்று பாடநூல்கள் கூறுகின்றன. ஒருவன் உதவுவானா மாட்டானா என்பதை அவன் உள்ளத்திலிருக்கும் திருமறைப் பகுதி தீர்மானிப்பதில்லை, அவன் கையிலுள்ள நேரமே தீர்மானிக்கிறது என்பது அவை கூறும் முடிவு. ஞாயிறுதோறும் பிரசங்கபீடத்தில் நிற்போருக்கு இது இலேசான செய்தியன்று. அருளுரை நடத்தையைத் தொடுவதேயில்லை எனில், நாம் வாரந்தோறும் செய்வது யாது?

இவ்வினாவிற்கு விடை தேடுமுன், இப்பாடம் பல்கலைக்கழகத்திற்குள் வந்த வரலாற்றைச் சற்று அறிதல் நலம். அது நம் வீட்டிலிருந்தே புறப்பட்ட பாடம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கக் கல்லூரிகளில் மனத்தைப் பற்றிய பாடம் இறுதியாண்டு மாணவர்க்குரியது. பெரும்பாலும் கல்லூரித் தலைவரே அதனை நடத்துவார். அவரும் பெரும்பாலும் குருவானவராகவே இருப்பார். யேலில் 1871 முதல் 1886 வரை தலைவராயிருந்த நோவா போர்ட்டர் காங்கிரிகேஷனல் சபையின் போதகர். மனித அறிவைப் பற்றி அவர் 1868இல் வெளியிட்ட பெருநூல் பாடநூலாகப் பயின்றது. பிரின்ஸ்டனில் 1868 முதல் 1888 வரை தலைமை தாங்கிய ஜேம்ஸ் மெக்காஷ் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பிரஸ்பிட்டேரியன் குருவானவர். 1886இல் அவர் எழுதிய நூலுக்கு ‘உளவியல்’ என்றே பெயரிட்டார். இவர்கள் கையாண்டது அகநோக்கு முறை. மாணவன் தன் உள்ளத்தைத் தானே நோக்கி, அங்குக் காணும் ஆற்றல்களை வகுத்து, அவற்றிற்கு மேலாக மனச்சாட்சியை அமர்த்தி, முடிவில் படைத்தவரின் முன்னிலையில் வந்து நிற்க வேண்டும். இதனை இன்று எள்ளி நகையாடுதல் எளிது. ஆயினும் மனிதன் பொறுப்புள்ளவன் என்பதை அப்பாடம் ஒருபோதும் கைவிடவில்லை. தன்னைப் பற்றி ஒருவன் தானே கூறும் சாட்சியை அது ஐயுறவில்லை என்பதே அதன் குறை எனக் கருதுகிறோம்.

அந்த ஐயுறவு ஜெர்மனியில் முறையாக்கப்பெற்றது. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் 1879இல் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் அமைத்த வில்ஹெல்ம் வூண்ட், லுத்தரன் போதகர் ஒருவரின் மகன். அங்குச் சென்று பயின்ற அமெரிக்கர் ஸ்டான்லி ஹால், அதற்கு முன் நியூயார்க் யூனியன் இறையியற் கல்லூரியில் படித்தவர். அவருடைய பயிற்சிப் பிரசங்கத்தைக் கேட்ட ஆசிரியர், குறைநிறை கூறுவதை விடுத்து, முழங்காற்படியிட்டு அவருக்காக மன்றாடினார் என்று ஹாலே பிற்காலத்தில் எழுதியுள்ளார். அவர் ஆயராகவில்லை, 1892இல் நிறுவப்பெற்ற அமெரிக்க உளவியற் கழகத்தின் முதல் தலைவரானார். அம்மன்றாட்டின் பயன் அதுவோ என்று கேட்கத் தோன்றுகிறது.

ஹாலுக்கு 1878இல் ஹார்வர்டில் ஆய்வுப்பட்டம் கிடைக்க வழிகாட்டியவர் வில்லியம் ஜேம்ஸ். அவர் தந்தையும் பிரின்ஸ்டன் இறையியற் கல்லூரியில் சில காலம் பயின்று, படிப்பை முடிக்காமலே வெளியேறியவர். மகன் 1869இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மருத்துவத் தொழில் செய்யவில்லை. அதையடுத்த மாதங்களில் கடும் மனச்சோர்வு அவரை ஆட்கொண்டது. உடலின் இயக்கமே மனிதனின் முழு விதி எனில் முயற்சிக்குப் பொருள் உண்டா என்பது அவரை வாட்டிய கேள்வி. 1870 ஏப்ரலில், தன் விருப்புரிமையின் முதற் செயலாக விருப்புரிமை உண்டு என்பதையே நம்பத் துணிந்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். 1875இல் உடலியலுக்கும் உளவியலுக்கும் உள்ள தொடர்பைக் கற்பிக்கும் வகுப்பை அவர் ஹார்வர்டில் தொடங்கினார். உளவியலைப் பற்றித் தாம் கேட்ட முதல் விரிவுரை தாமே நிகழ்த்திய முதல் விரிவுரைதான் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1878இல் ஹென்றி ஹோல்ட் என்னும் பதிப்பாளருக்கு இரண்டே ஆண்டில் ஒரு பாடநூல் எழுதித் தருவதாக ஜேம்ஸ் ஒப்பந்தம் செய்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1890இல், ஏறத்தாழ 1400 பக்கங்கள் கொண்ட இரு தொகுதிகள் வெளிவந்தன. 1892இல் அதன் சுருக்கம் வந்தது. பெருநூலை ‘ஜேம்ஸ்’ என்றும் சுருக்கத்தை ‘ஜிம்மி’ என்றும் மாணவர் செல்லமாக அழைத்தனர். தலைமுறை தலைமுறையாக மாணவர் உளவியலுக்குள் நுழைந்தது இந்த வாயில் வழியாகவே. ஆனால் நூலை முடித்த வேளையில் ஜேம்ஸ் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், உளவியல் என்றோர் அறிவியலே இல்லை என்றும், அதனை எழுதியவன் திறமையற்றவன் என்றும் மெய்ப்பிக்க இந்நூல் ஒன்றே போதும் என்று கசந்துரைத்தார். சுருக்கப் பதிப்பின் இறுதியிலும், இது இன்னும் அறிவியல் ஆகவில்லை, அறிவியலாகும் என்னும் நம்பிக்கை மட்டுமே என்ற கருத்தைப் பதித்தார். முதற்பாட நூல் ஒன்றின் முடிவில் இத்தகைய தாழ்மையை இன்று காண்பது அரிது.

இப்பாடம் இந்தியாவுக்கு வந்ததும் ஹார்வர்டு வழியாகவே. ஜேம்ஸ் தம் ஆய்வுக்கூடப் பொறுப்பை ஏற்க ஜெர்மனியிலிருந்து வரவழைத்த ஹூகோ மூன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா, 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கினார். 1924இல் மைசூரிலும், 1943இல் சென்னையிலும் துறைகள் தோன்றின.

இதற்கிடையில் பாடத்தின் பொருளே மாறிவிட்டது. 1913இல் ஜான் வாட்சன், உளவியல் மனத்தை ஆராய்வதன்று, நடத்தையை ஆராய்வது என்று அறிவித்தார். பாப்டிஸ்ட் போதகராக வேண்டும் என்று தாயால் விரும்பப்பட்ட பிள்ளை அவர். உள்ளத்தின் சாட்சி இனி எடுபடாது. வெளியே கண்டு எண்ணக்கூடியதே சான்று. வாட்சனின் கடுங்கொள்கை பின்னர்த் தளர்ந்ததாயினும், மனிதனை அவன் சொல்லால் அல்ல, செயலால் அறிதல் வேண்டும் என்னும் துணிபு நிலைத்தது. கனிகளினாலே மரம் அறியப்படும் என்று கற்பிக்கும் நமக்கு இது முற்றும் அந்நியமன்று.

மனச்சாட்சியைப் பற்றி போர்ட்டர் விரிவுரை நிகழ்த்திய அதே யேலில், 1961இல், ஸ்டான்லி மில்கிராம் தம் சோதனைத் தொடரைத் தொடங்கினார். ஆய்வாளரின் கட்டளைக்கிணங்கி மற்றொரு மனிதருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பிய 40 ஆண்களுள் 26 பேர் 450 வோல்ட் என்னும் இறுதி விசை வரை அழுத்தினர். அதிர்ச்சி பொய், அழுத்தியவர்களின் வேதனை மெய். ஏனையோர் இடையில் நிறுத்தினர் என்பதைப் பாடநூல்கள் அதே அழுத்தத்தோடு சொல்வதில்லை. அத்தொடரில் பங்குபெற்ற பழைய ஏற்பாட்டுப் பேராசிரியர் ஒருவர் 150 வோல்ட்டிலேயே மறுத்துவிட்டார். இத்தகைய அதிகாரத்தை எதிர்த்து நிற்க மனிதரை எவ்வாறு பலப்படுத்தலாம் என்று பின்னர்க் கேட்டபோது, கடவுளையே இறுதி அதிகாரமாகக் கொண்டவனுக்கு மனித அதிகாரம் சிறிதாகிவிடும் என்னும் பொருள்பட விடையளித்தார். மில்கிராமே 1974இல் தம் நூலில் இதனைப் பதிவு செய்துள்ளார்.

அடுத்தது 1964 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த கொலை. கிட்டி ஜெனோவீஸ் என்னும் இளம்பெண் குத்தப்பட்டதை 38 பேர் பார்த்திருந்தும் வாளாவிருந்தனர் என்று செய்தித்தாள் எழுதியது. அச்செய்தியால் தூண்டப்பெற்ற லட்டானேயும் டார்லியும் 1968இல் வெளியிட்ட ஆய்வுகள், உடன் பலர் இருக்கிறார்கள் என்னும் எண்ணமே உதவும் கையைத் தளர்த்துகிறது என்று காட்டின. ஆய்வுகள் பயனுள்ளவை. ஆனால் 38 பேர் கதைக்குச் சான்று இல்லை என்பதை 2007இல் மூன்று ஆய்வாளர்கள் தெளிவுபடுத்தினர். அந்நாளேடும் தன் செய்தி பிழைபட்டது என்று 2016இல் ஒப்புக்கொண்டது. அருளுரைக்கு எடுத்துக்காட்டு தேடுவோர் இதனை நினைவில் கொள்வது நன்று.

இனிப் பிரின்ஸ்டனுக்கு வருவோம். டார்லியோடு சேர்ந்து சோதனையை நடத்திய டேனியல் பேட்சன் அதே இறையியற் கல்லூரியில் பயின்றவர். வெளியாரின் ஏளனம் அதில் இல்லை. மாணவர் ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்திற்குச் சென்று சிறிது நேரம் பேச வேண்டும். சிலருக்கு நல்ல சமாரியன் உவமை தலைப்பு; மற்றவர்க்கு இறையியல் பயின்றோர்க்கு ஏற்ற பணிகள். சிலரிடம், நீர் ஏற்கனவே தாமதம், அங்கே காத்திருக்கிறார்கள் என்று கூறப்பட்டது. சிலரிடம், உடனே போகலாம் என்றும், சிலரிடம், இன்னும் சில நிமிடங்கள் ஆகும், எனினும் போகலாம் என்றும் கூறப்பட்டது. இடைவழிச் சந்தில் ஒரு வாயிற்படியில் தலை கவிழ்ந்து கிடந்த மனிதன், மாணவர் கடக்கையில் இருமி முனகினான். நேராகவோ, பிறரிடம் அறிவித்தோ உதவியவர் மொத்தம் 16 பேர். நேரம் இருந்தவருள் 63 விழுக்காட்டினரும், இடைநிலையில் 45 விழுக்காட்டினரும், அவசரப்படுத்தப்பட்டவருள் 10 விழுக்காட்டினரும் உதவினர்.

அவசரத்தின் விளைவு தெளிவானது, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் உவமையின் விளைவு? உவமையைப் பேசச் சென்றவருள் 53 விழுக்காட்டினரும், மற்றத் தலைப்பினருள் 29 விழுக்காட்டினரும் உதவினர். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது என்று புள்ளியியற் கணக்குக் காட்டியதால், ஆய்வாளர் அதனை விளைவாக ஏற்கவில்லை. ஏற்காதது முறையே. ஆனால் விளைவு மெய்ப்பிக்கப்படவில்லை என்பது ஒன்று; விளைவு இல்லை என்பது மற்றொன்று. நாற்பது பேர் என்னும் சிறு தொகையில் உண்மையான விளைவும் மறைந்துபோகக் கூடும். அந்தோனி கிரீன்வால்ட் 1975இலேயே இதனைச் சுட்டி, அவ்விவரங்கள் உவமை பயனற்றது என்னும் முடிவைத் தாங்கமாட்டா என்று எழுதினார். அவரது குறிப்பு முதற்பாட நூல்களில் இடம்பெறுவது அரிது. இறையியல் மாணவன் உவமையை மிதித்துச் செல்லும் காட்சி அவற்றிற்கு மிகவும் பிடித்துப் போய்விட்டது போலும்.

இன்னொன்று. கடந்து போனவர் கல்நெஞ்சர் என்று டார்லியும் பேட்சனும் கூறவில்லை. அவர்களுள் பலர் பேச வேண்டிய இடத்திற்குக் கலக்கத்தோடே வந்து சேர்ந்தனர். தம்மை நம்பிக் காத்திருக்கும் ஆய்வாளருக்கும், வழியில் கிடப்பவனுக்கும் இடையே அவர்கள் இழுபட்டனர் என்பதே ஆய்வாளரின் கருத்து. உவமையின் ஆசாரியனும் லேவியனும் கூடக் கடமைகள் நிரம்பிய மனிதராகவே இருந்திருப்பர் என்றும் அவர்கள் எண்ணிப் பார்த்தனர். இரண்டு ஆராதனை, ஒரு திருமணம், ஒரு கமிட்டிக் கூட்டம் என ஒரே நாளில் ஓடும் ஆயருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

எனவே நம் கல்லூரிகளில் இப்பாடத்தை அஞ்சியோ மயங்கியோ கற்பிக்க வேண்டியதில்லை. மாற்கு நற்செய்தியின் பகுதியை மூலத்தோடு ஒப்பிட்டுப் படிக்கப் பழகிய மாணவனுக்கு, ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையையும் அதைச் சுருக்கிக் கூறும் பாடநூல் வரியையும் ஒப்பிட்டுப் படிப்பது புதிய திறமையன்று. 53, 29 என்னும் இரு எண்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றிலிருந்து எது பெறப்படும், எது பெறப்படாது என்று ஒரு மணிநேரம் வாதிடலாம்.

பேட்சனோ அத்துடன் நிற்கவில்லை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, மனிதன் தன்னலம் சிறிதுமின்றிப் பிறனுக்கு உதவ இயலுமா என்னும் கேள்வியைப் பல்லாண்டுகள் சோதனை மேல் சோதனையாக ஆராய்ந்தார். பிறன் துயரில் தன் உள்ளம் உருகும்போது இயலும் என்பது, 1991இலும் 2011இலும் வெளிவந்த அவர் நூல்கள் இரண்டின் வாதம். அதனை ஏற்காத உளவியலாரும் உளர்.