பெயருள்ள காதலி, இடமுள்ள காதல்: அக்தர் ஷீரானியை அகத்திணை வழியே வாசித்தல்

பிலிகுண்டுலுவில் இன்றைக்கு எத்தனை கன அடி? ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர், மீன் வறுத்து விற்கிற அம்மா, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் எல்லாருக்கும் இந்தக் கேள்வியோடுதான் பொழுது விடிகிறது. நீர்வரத்து கூடினால் பரிசல் ஓடாது, அருவியில் குளிக்க விடமாட்டார்கள், அன்றைய கூலியும் போயிற்று. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் அந்த எல்லையில்தான் மத்திய நீர்வள ஆணையம் நீரை அளக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வரையறுத்த 177.25 டி.எம்.சி.க்கும் கணக்கு அங்கேதான். மேலேயிருந்து வரும் நீரிடம் மேட்டுநிலத்துச் சேதி கேட்டே வாழும் ஊர் ஒகேனக்கல். ஊர்ப்பெயர்கூட மேலேயிருந்து வந்ததுதான். கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை.

சொந்த மண்ணிலிருந்து வருகிறவனை வழிமறித்துச் சேதி கேட்கும் நெடுங்கவிதை ஒன்று உருதுவில் உண்டு. அதை எழுதியவர் அக்தர் ஷீரானி. தோட்டத்தில் இன்னும் காற்று வீசுகிறதா, மலைமேல் மேகம் கவிகிறதா, நீர்த்துறையில் பெண்கள் இன்னும் தண்ணீர் எடுக்கிறார்களா, கோயிலில் சங்கும் பள்ளிவாசலில் பாங்கும் கேட்கின்றனவா என்று கேள்விமேல் கேள்வியாகவே அது நடக்கிறது. உருது உலகம் அவருக்குக் ‘காதற்கவிஞர்’ என்று பட்டம் சூட்டியது. அந்தப் பட்டம் அவருடைய சாதனையைப் பாதிதான் சொல்கிறது என்பது என் துணிபு. மறுபாதியைக் காண அகத்திணை மரபு நமக்கு உதவும்.

முகம்மது தாவூத் கான் என்ற இயற்பெயருடைய அவர் 1905 மே 4 அன்று ராஜபுதனத்து டோங்க் சமஸ்தானத்தில் பிறந்தார். தந்தை மஹ்மூத் ஷீரானி, ‘பஞ்சாபில் உருது’ என்ற நூலால் பெயர்பெற்ற பேரறிஞர். பின்னாளில் லாகூர் ஓரியண்டல் கல்லூரியில் கற்பித்தவர். இளமையிலேயே லாகூருக்கு வந்துவிட்ட மகன் ‘கயாலிஸ்தான்’, ‘ரூமான்’ போன்ற இதழ்களை நடத்தினார், சானெட்டை உருதுவில் எழுதிப் பார்த்தார், குழந்தைகளுக்கும் பாடல் புனைந்தார். குடி அவரை அழித்தது. 1948 செப்டம்பர் 9 அன்று, 43 வயதில், லாகூரில் இறந்தார்.

செவ்வியல் கஸலில் காதலிக்குப் பெயர் கிடையாது. இலக்கண அளவில் அவள் பெண்ணும் அல்லள். வினைமுற்று ஆண்பாலில் முடியும். அவள் தெருவும் தோட்டமும் மதுக்கூடமும்கூடப் பாரசீக மரபு வகுத்துக் கொடுத்தவை. எந்த ஊருக்கும் உரியவை அல்ல. இந்த நிலையில் ஷீரானி சல்மா என்றார், ரெஹானா என்றார், அஸ்ரா என்றார். உருது விமர்சகர்கள் இதையே அவருடைய புரட்சியாகக் கொண்டார்கள். சல்மா யார் என்று துப்புத் துலக்கும் எழுத்துகளும் பெருகின.

பெயர் சுட்டுவதன் விளைவைத் தமிழ் மரபு அளவுக்கு நுணுகி ஆராய்ந்த மரபுகள் குறைவு. அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் காதலால் நைந்து பாடிய பாடல்கள் புறநானூற்றில் 83 முதல் 85 வரை வைக்கப்பட்டிருக்கின்றன. காரணம், அவர் நெஞ்சு சென்றது கோப்பெருநற்கிள்ளி என்ற அறியப்பட்ட ஒருவனிடம். நெடுநல்வாடையில் பெயரே இல்லை. ஆனால் வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நச்சினார்க்கினியர் அதைப் புறமாக்கினார். ஒரு வேப்பிலை போதுமாயிருந்தது.

இந்த உரைகல்லில் சல்மாவைத் தேய்த்துப் பார்க்கலாம். அவளுக்குத் தந்தை பெயர் இல்லை, குடி இல்லை, வீட்டு வாசல் இல்லை. அரபுக் கவிதையில் சல்மா என்பது காதலியருக்குப் பன்னூறு ஆண்டுகளாக வழங்கிவரும் பெயர். ஆகவே அந்தப் பெயர் யாரையும் சுட்டவில்லை, சுட்டாமலிருக்க உதவுகிறது. துப்புத் துலக்கியவர்கள் வேம்பைத் தேடி அலைந்தார்கள், கவிதையில் வேம்பு இல்லை. ஷீரானி பெயரிட்ட பின்னும் அகத்துக்குள்ளேயே நிற்கிறார்.

அப்படியானால் அவர் புதிதாகக் கொண்டுவந்தது என்ன? இடம். ரெஹானா வாழ்ந்த பள்ளத்தாக்கை ஒரு தோழனுக்குக் காட்டிக்கொண்டே போகும் கவிதையை எடுத்துக்கொள்வோம். அவள் எப்படிப்பட்டவள் என்பது அதில் நமக்கு ஏறக்குறையத் தெரிவதே இல்லை. அவள் இருந்த இடமோ அடிக்கு அடி தெரிகிறது. தலைவி சொல்லாததை நொச்சியும் நாரையும் கழிக்கரையும் சொல்லும் நம் முறைதான் இது. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளைச் சுமக்கின்றன. கஸலில் ஒவ்வோர் ஈரடியும் தனித்து நிற்பது. ஓர் இடத்தை முழுக்க விரித்துக் காட்ட நஜ்ம் என்னும் தொடர்கவிதை வேண்டும். ஷீரானி நஜ்மில் மனம் தோய்ந்ததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

பெயரிடுவதும் உருதுவுக்கு அவர் தந்த முதல் கொடையன்று. கோல்கொண்டாவை 1580 முதல் 1612 வரை ஆண்ட முஹம்மது குலி குதுப் ஷா, நன்ஹி, சாவ்லி, கோரி, சபீலி என்று தம் காதலியரை அழைத்தே தென்னாட்டு உருதுவான தக்னியில் பாடியிருக்கிறார். ஆடிப்பெருக்கு நாட்களில் ஒகேனக்கல் துறையில் காதைக் கொடுத்தால், ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’ என்று பிள்ளைகளை அதட்டும் குரல் கேட்கும். அது அந்த மொழிதான். உருதுவின் பிறப்பைப் பஞ்சாபில் நிறுவத் தந்தை உழைத்தார். தெற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்து, வடக்கு மறந்துபோன ஒன்றை மகன் மீண்டும் செய்தார். தென்னாட்டில் உருது படிப்பவர்கள் இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

1936இல் லக்னோவில் பிரேம்சந்த் தலைமையில் முற்போக்கு எழுத்தாளர்கள் கூடிய பிறகு, ஷீரானியின் கவிதை தப்பியோடும் கவிதை என்ற குற்றச்சாட்டு வலுத்தது. ஓரிடத்தில் அது நியாயமே. காதலையே வழித்துணையாக அழைத்து ஊரைவிட்டு நீங்க விரும்பும் அவருடைய புகழ்பெற்ற கவிதையை நம் உடன்போக்குப் பாடல்களோடு வைத்துப் பார்த்தால் குறை புலப்படும். உடன்போக்கில் பாலை உண்டு. கால் சுடும், நீர் கிடைக்காது, ஆறலைப்போர் மறிப்பார்கள். ஷீரானியின் பயணத்தில் வழியே இல்லை, போய்ச்சேரும் கனவு மட்டுமே. இடத்தைக் கைவிடும்போது அவர் கவிதை மெலிகிறது. சேதி கேட்கும் கவிதையை மட்டும் இந்தக் குற்றச்சாட்டு தொட முடியாது. ஒரு நீர்த்துறையை, ஒரு சங்கொலியைப் பெயர்சொல்லி விசாரிப்பவன் உலகைவிட்டு ஓடுகிறவன் அல்லன்.

தமிழுக்கு வந்தது கஸல். மதுரையில் உருதுக் கவிஞர் குடும்பத்தில் 1937இல் பிறந்து, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த அப்துல் ரகுமான், ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ தொகுப்பில் அதை நமக்குரியதாக்கினார். நஜ்முக்கு அத்தகைய ஒருவர் இன்னும் வாய்க்கவில்லை. ஷீரானியைத் தமிழாக்க முனைகிறவர் சேதி கேட்கும் கவிதையிலிருந்து தொடங்கலாம்; அதில் நமக்கு அந்நியமான பொருள் ஒன்றுகூட இல்லை. தூது விட்டும் வழிப்போக்கரை விசாரித்தும் பழகிய மொழி இது.

மொழிபெயர்ப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கவிதையில் ஊரிலிருந்து வந்தவன் எதற்கும் பதில் சொல்வதில்லை. பிலிகுண்டுலுவிலிருந்து நாள்தோறும் ஓர் எண்ணாவது வந்துவிடுகிறது. லாகூரில் இருந்தவருக்கு அதுவும் வரவில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.