இரக்கம் சுட்டும் ஆங்கிலச் சொற்களும் ‘கண்ணோட்டம்’ பெயர்ப்பும்

இரக்க உணர்வைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘மெர்சி’, ‘பிட்டி’, ‘கம்பாஷன்’, ‘சிம்பதி’, ‘எம்பதி’ ஆகிய சொற்கள் வழங்குகின்றன. அகராதிகள் இவற்றுள் ஒன்றற்கு மற்றொன்றைப் பொருளாகத் தருதலின், தமிழ் நூல்களை ஆங்கிலப்படுத்துவோர் எதனையும் எடுத்தாளலாம் எனக் கருத இடமேற்படுகிறது. சொல்வரலாறோ வேறொன்றை உணர்த்துகிறது. இவை உணர்வின் மிகுதி குறைவால் வேறுபடுவன அல்ல. இரங்குவோர் எந்நிலையில் நின்று இரங்குகின்றனர் என்பதால் வேறுபடுவன.

‘மெர்சி’ என்பதன் மூலமாகிய இலத்தீன் சொல் கூலியைக் குறித்தது. எளியோர்க்கு இரங்கியோர் விண்ணுலகில் பெறும் பயன் எனத் திருச்சபை வழக்கில் பொருள் விரிந்து, பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தது. தண்டிக்கும் ஆற்றலுடையாரே இதனைக் காட்ட இயலும். இந்திய அரசமைப்பின் 72ஆம் உறுப்பின்வழிக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்பெறும் கருணை மனு ‘மெர்சி பெட்டிஷன்’ எனப்படுதல் இதனாலேயே. அவ்விடத்துச் ‘சிம்பதி’ பொருந்தாது. ‘பிட்டி’யோ பக்தியைக் குறிக்கும் ‘பயட்டி’யுடன் ஒரே இலத்தீன் வேரினின்று பிறந்து, நெடுங்காலம் அதனொடு மயங்கி வழங்கியது. இவ்விரு சொற்களும் ‘மேல்’ எனப் பொருள்படும் ‘ஆன்’ என்னும் முன்னிடைச்சொல்லை ஏற்பது நோக்கத்தக்கது.

‘கம்பாஷன்’, ‘சிம்பதி’ இரண்டும் அமைப்பால் ஒன்றே. முன்னது இலத்தீன், பின்னது கிரேக்கம். இரண்டிலும் ‘உடன்’ என்னும் பொருளுடைய முன்னொட்டு உண்டு. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இடம்பெற்ற ‘கம்பாஷன்’ துன்பத்தொடு நின்றுவிட, 16ஆம் நூற்றாண்டில் வந்த ‘சிம்பதி’ தொடக்கத்தில் பொருள்களுக்கிடையிலான ஈர்ப்பையும் சுட்டிற்று. ஒரு நரம்பு ஒலிக்க அருகிலுள்ள நரம்பு அதிர்தலும் அதன்பாற்படும். ஆதம் சுமித் 1759இல் வெளியிட்ட அறவுணர்வு பற்றிய நூலில், ‘பிட்டி’யும் ‘கம்பாஷ’னும் பிறர் துயரத்தில் பங்குகொள்வதற்கே உரியன என்றும், ‘சிம்பதி’ மகிழ்ச்சி உட்பட எவ்வுணர்விலும் உடனிற்றலைக் குறிக்கலாம் என்றும் வரையறுத்தார். அவர் அச்சொல்லை ‘உடன்’ எனப் பொருள்படும் ‘வித்’ என்பதொடு வழங்கினார். இன்றைய இரங்கற் செய்திகளிலோ ‘ஃபார்’ வருகிறது. இவ்வாறு உடனிற்றற்பொருள் தேய்ந்தமையே ‘எம்பதி’க்கு இடமளித்தது எனலாம். செருமானியச் சொல்லொன்றன் பெயர்ப்பாக உளவியலார் டிட்செனர் 1909இல் இதனை வழங்கினார். அச்செருமானியச் சொல் முதலில் கலைப்பொருளை நோக்குவோரின் அனுபவத்திற்கு உரியதாக இருந்தது என்பது பலரும் கருதாதது.

இவ்வரலாறு திருக்குறள் பெயர்ப்புக்கு இன்றியமையாதது. 58ஆம் அதிகாரமாகிய ‘கண்ணோட்டம்’ என்பதற்குப் போப் தம் 1886ஆம் ஆண்டுப் பதிப்பில் மேற்கூறிய ஐந்தனுள் எதனையும் கொள்ளாது ‘பெனிக்னிட்டி’ எனத் தலைப்பிட்டார். அதிகாரம் அரசியலில் அமைந்திருத்தலின் மேலோர் கீழோர்மாட்டுக் காட்டும் நயத்தைக் குறிக்கும் சொல்லை அவர் தேர்ந்தது ஒருவாறு பொருந்துவதே. ஆயின் தன்னொடு பயின்றாரைக் கண்டவழி அவர் கூறுவனவற்றை மறுக்க மாட்டாமை என்பது பரிமேலழகர் உரையின் கருத்து. அங்கு உணர்வு பிறப்பது முன்னைப் பழக்கத்தாலும் நேர்நிற்பாரைக் கண்ட கண்ணாலும். ‘பெனிக்னிட்டி’யின் இலத்தீன் வேரோ ஒருவரது பிறவிநலத்தைச் சுட்டுவது, அதனுள் அரசனது இயல்பு நிற்கிறது, அவன்முன் வந்து நிற்கும் பழகியவர் இல்லை.