இதயத்துல விழுற வெள்ளைத் தழும்பு

குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் இறங்குற ரோடு நமக்கு போட்டோ எடுக்கிற இடம். ஆனா நெஞ்சுவலியோட ஆம்புலன்ஸ்ல கோயம்புத்தூர் போறவருக்கு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கிட்டே இருக்கு. இது நமக்கு எப்படித் தெரியவந்தது? அதுதான் இன்னைக்குக் கதை.

1977-ல் அமெரிக்காவின் ரெய்மரும் ஜென்னிங்ஸும் நாய்களின் இதய ரத்தக்குழாயை வெவ்வேறு நேர அளவுக்கு அடைத்துப் பார்த்தார்கள். சேதம் இதயச் சுவரின் உள்பக்கத்தில் தொடங்கி, நேரம் போகப்போக அலை மாதிரி வெளிப்பக்கம் பரவியது. ஆனா அதைப் பார்க்க இதயத்தை வெட்டணும். உயிரோட இருக்கிற மனுஷனுக்கு என்ன வழி?

1973-லேயே பால் லாட்டர்பர் முதல் எம்.ஆர்.ஐ. படத்தை வெளியிட்டிருந்தார். பிறகு காடோலினியம் மருந்து வந்தது. அது உயிருள்ள செல்லுக்குள் நுழையாது. செத்த தசையிலும் தழும்பிலும் தேங்கி நிற்கும். ஊசி போட்டு பத்து நிமிஷம் கழிச்சு படம் எடுத்தா, அந்த இடம் மட்டும் பளிச்னு வெள்ளை. 2000-ல் ரேமண்ட் கிம் குழு 50 நோயாளிகளிடம் இதைக் காட்டியது: சுவரில் வெள்ளை எவ்வளவு ஆழமோ, பைபாஸோ ஸ்டென்ட்டோ வைத்த பிறகு அந்தத் தசை மீள வாய்ப்பு அவ்வளவு குறைவு.

மாரடைப்பு நேரத்துல முதல்ல எடுக்கிறது ஈ.சி.ஜி.தான். எம்.ஆர்.ஐ. பின்னாடி வர்ற கணக்குப் புத்தகம். இழந்த நேரம் அதுல தழும்பா பதிவாகியிருக்கும்.

அந்த நேரத்தை எப்படி மிச்சப்படுத்துறது? அதுக்கான ஒரு பதில் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. 4 பெரிய மருத்துவமனைகளோடு 35 சிறிய மருத்துவமனைகளை இணைத்த 'ஸ்டெமி' திட்டத்தின் முடிவுகள் 2017-ல் வெளியாயின. பெரிய மருத்துவமனை தூரம்னா, பக்கத்துலயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துட்டு, அப்புறம் ஆஞ்சியோவுக்கு அனுப்புவாங்க. 2,420 பேரிடம் நடந்த ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர்.

மலைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. நீலகிரிக்கு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022-ல்தான். மண் சரிஞ்சா ரோடே இருக்காது. தேயிலைத் தோட்டத்துல வேலை செய்றவங்களுக்கு மலை இறங்குறதுக்கு முன்னாடியே ஈ.சி.ஜி.யும் அந்த மருந்தும் கிடைக்கணும். நெஞ்சு அழுத்தினா 'கேஸ்'னு ஒதுக்காம 108-ஐ கூப்பிடுங்க. வெள்ளையான தசை திரும்ப வராது.