பகிஷ்கரிப்பு

பணிப்பகிஷ்கரிப்பு என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை அச்சுக்கு அனுப்பியிருப்பேனோ தெரியாது. யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் புரூப் பார்த்தவன் நான். ஆசிரியர், தபால்காரர், வைத்தியர் என்று யார் வேலையை நிறுத்தினாலும் எங்களுக்கு அதுதான் சொல். இவ்வளவு கடினமான சொல் சனத்துக்கு எதற்கு என்று ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வரும்.

ஆங்கிலத்தில் பகிஷ்கரிப்புக்கு நிகரான ‘பாய்காட்’ ஒரு மனிதரின் பெயர். அயர்லாந்தின் மேயோவில் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தவர் கப்டன் பாய்காட். 1880 செப்டெம்பரில், வாடகையைக் குறைக்கக் கேட்ட குடியானவர்களை வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார். கூலியாட்கள் வயலை விட்டுப் போனார்கள். கொல்லன் லாடம் அடிக்க மறுத்தான், சலவைக்காரி துணி எடுக்கவில்லை, கடையில் சாமான் கொடுக்கவில்லை. அவர் மேல் ஒரு கை படவில்லை. நவம்பரில் கிழங்கு தோண்ட வெளியூரிலிருந்து ஐம்பது பேர் வந்தார்கள். அவர்களைக் காக்க ஏறக்குறைய ஆயிரம் படையினரும் பொலிஸாரும் வந்தார்கள். சுமார் 500 பவுண் விளைச்சலுக்குச் செலவு 10,000 பவுண். டிசம்பர் முதலாம் தேதி பாய்காட் அயர்லாந்தை விட்டே போய்விட்டார்.

இதற்கு என்ன பெயர் வைப்பது என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ரெட்பாத் யோசித்தபோது, புத்தகச் சொல் குடியானவர்களுக்கு விளங்காது, அந்த ஆளின் பெயரையே வைப்போம் என்றாராம் அவ்வூர்ப் பாதிரியார் ஓமாலி.

அப்படியானால் எங்களுக்கும் ‘ஒதுக்கி வைத்தல்’ இருக்கிறதே என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகு ஆச்சி சொன்ன கதை ஞாபகம் வந்தது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளியதற்காக ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைத்தார்களாம். உப்புக்கூட விற்கவில்லையாம். மேயோவில் நடந்த அதே செயல்தான். ஆனால் இங்கே செய்தவர்கள் காணிக்காரர்கள், பட்டினி கிடந்தவர்கள் கூலிகள்.

1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், முழுச் சுயாட்சி தராத அரசாங்க சபை வேண்டாம் என்று தேர்தலைப் பகிஷ்கரித்தது. நான்கு தொகுதிகளில் ஒருவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. அந்த ஆசனங்கள் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அதை ‘ஒதுக்கி வைத்தார்கள்’ என்று எழுத எனக்கு மனம் வராது.

புதிதாக வந்த பிள்ளைகள் லேசான சொல் போடலாமே என்று கேட்பார்கள். ‘ஷ்’ விழாமல் பார்த்து, அப்படியே விட்டுவிடுவேன்.