பொரிப்பகக் கணக்கும் கூண்டுக் கணக்கும்: பேன் தின்னும் மீன்களின் வளர்ப்பு நம் மீன்குஞ்சுப் பண்ணைகளுக்குச் சொல்வது

தமிழகத்தில் மீன்குஞ்சு உற்பத்தி என்று பேச்செடுத்தாலே எண்ணிக்கைதான் முன்னால் வந்து நிற்கிறது. எத்தனை லட்சம் நுண்குஞ்சு பொரித்தது, எத்தனை லட்சம் விரலி விற்றது, எத்தனை குளங்களில் இருப்பு செய்தோம் என்பதோடு ஆண்டறிக்கை முடிந்துவிடுகிறது. விட்ட குஞ்சு பிழைத்ததா, எதற்காக விட்டோமோ அந்த வேலையைச் செய்ததா என்ற கேள்வி பொரிப்பகத்தின் வாசலைத் தாண்டிப் போவதில்லை. இந்தக் கணக்கு முறை வெறும் நிர்வாகக் குறைபாடு அன்று. எந்த மீனை வளர்ப்பது, எந்த இரையைக் கொடுப்பது, எந்த அளவில் விற்பது என்ற தொழில்நுட்ப முடிவுகளையே அது கோணலாக்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று தொலைவிலிருந்து வருகிறது: வட அட்லாண்டிக் கடலின் சால்மன் கூண்டுகளில் பேன் தின்பதற்கென்றே வளர்க்கப்படும் மீன்கள். தென்காசி வட்டாரத்துக் குளத்துக்கும் நார்வேயின் கடற்கழிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். தண்ணீரில் உறவில்லை; தவறில் இருக்கிறது.

சால்மன் வளர்ப்பின் தலையாய தொல்லை கடல் பேன். லெப்பியோப்தீரஸ் சால்மோனிஸ் என்னும் இந்தச் சிறிய ஓட்டுடலி, மீனின் சளியையும் தோலையும் இரத்தத்தையும் தின்று உடம்பைப் புண்ணாக்குகிறது. கூண்டில் பெருகும் பேன், ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் இயற்கைச் சால்மன் குஞ்சுகளையும் பற்றிக்கொள்வதால், நார்வே அரசு ஒரு மீனுக்குச் சராசரியாக 0.5 வளர்ந்த பெண் பேன் என்று வரம்பு வைத்திருக்கிறது. குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வசந்தகாலத்தில் அது 0.2. ஆர்கனோபாஸ்பேட், எமாமெக்டின், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று மருந்துகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பேன் பழகிக்கொண்டது. இதற்கிடையே, 1980களின் இறுதியிலேயே ஓஸ்முண்ட் பியோர்டால் என்ற நார்வே ஆய்வாளர், பிற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணியைக் கொத்தித் தின்னும் ராஸ் இன மீன்களைக் கூண்டில் விட்டுச் சோதித்தார். பேன் குறைந்தது. அதன்பின் கரையோரப் பாறைகளிலிருந்து ராஸ் மீன்களைப் பொறிவைத்துப் பிடித்துக் கூண்டுக்கு அனுப்புவது ஒரு தொழிலாகவே ஆயிற்று.

பிடித்து அனுப்புவதில் ஒரு சிக்கல் உண்டு. இவற்றுள் பெரியதான பாலன் ராஸ் மெதுவாக வளர்வது. பிறக்கும்போது எல்லாம் பெண், வளர்ந்தபின்தான் சில ஆணாக மாறும். பெரிய மீனைத் தேடிப் பிடித்தால் ஆண் மீன்கள்தாம் முதலில் குறையும். எனவே பொரிப்பகம் தேவைப்பட்டது. பாலன் ராஸ் ஒருபுறம், லம்ப் மீன் எனப்படும் குளிர்நீர் மீன் மறுபுறம் என இரண்டு இனங்கள் பொரிப்பகத்துக்குள் வந்தன. நம் வாதத்துக்கு உயிர்நாடி இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு.

லம்ப் மீன் பொரிப்பகத்துக்காரருக்கு வாய்த்த வரம். முட்டை பெரியது. குஞ்சு பொரிந்து வரும்போதே அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும், வாய் அகலமானது. ஆர்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரை உடனே தின்னும், உலர்தீவனத்துக்கும் விரைவில் பழகும். சில மாதங்களிலேயே 10 முதல் 20 கிராம் எடைக்கு வந்து கூண்டுக்குத் தயாராகிவிடும். பாலன் ராஸ் நேர்மாறு. முட்டைகள் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். பசையை நொதி கொண்டு நீக்கினால்தான் தொட்டியில் அடைகாக்க முடியும். குஞ்சின் வாய் சிறியது என்பதால் அதைவிட நுண்ணிய ரோட்டிஃபர் என்னும் மிதவை உயிரில் தொடங்கியாக வேண்டும். இந்த மீனுக்கு இரைப்பையே கிடையாது; குடல் நேரடியாகச் செரிக்க வேண்டும் என்பதால் சாதாரண மீன் தீவனம் ஒத்துவராது, இறால் மாவும் கிரில் மாவும் கலந்த தீவனம் வேண்டும். கூண்டுக்கு ஏற்ற அளவு வர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு ஆகும்.

எண்ணிக்கைக் கணக்கில் லம்ப் மீன்தான் வெல்லும், வென்றது. நார்வேயில் பேன் தின்னும் மீன்களின் பயன்பாடு 2019 வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6 கோடியைத் தொட்டது. வளர்த்தவற்றில் பெரும்பங்கு லம்ப் மீன். ஆனால் கூண்டுக்குள் போனபின் நடந்தது வேறு. அந்நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-19இல் நடத்திய ஆய்வில் இம்மீன்களின் இறப்பு 40 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. செத்த மீன் கூண்டின் அடியில் கரைந்தோ பெரிய மீனுக்கு இரையாகியோ போவதால் உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதல் என்றே பலரும் கருதினர். லம்ப் மீன் கோடை வெப்பம் தாங்காது. பாக்டீரியா நோய்களுக்கு எளிதில் ஆளாகும். சற்றுப் பெரிதானால் பேன் தின்பதையே விட்டுவிடும். வயிற்றைப் பார்த்த ஆய்வுகளில் ஒரு பகுதி மீன்களின் வயிற்றில் மட்டுமே பேன் இருந்தது. மற்றவை சால்மன் தீவனத்தைத் தின்று சும்மா இருந்தன. வளர்க்கக் கடினமான பாலன் ராஸோ, குளிர்காலத்தில் மந்தமாகிவிடும் என்ற குறை நீங்கலாக, கூண்டில் நின்று உழைத்தது. பொரிப்பகத்தில் எளிதான மீன் கூண்டில் கடினமாகவும், பொரிப்பகத்தில் கடினமானது கூண்டில் எளிதாகவும் அமைந்தன. பொரிப்பகத்தின் வாசலிலேயே கணக்கை மூடியிருந்தால் இந்த உண்மை யாருக்கும் தெரிந்திருக்காது. நார்வேக்காரர் பிந்தியாவது கணக்கெடுத்தனர்; அதன்பின் பயன்பாடு இறங்கியது.

பொரிப்பகத்துக்குள் நடந்த முன்னேற்றத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். குஞ்சின் முதல் சில நாள் இரை அதன் பிற்கால உடல்கட்டைத் தீர்மானிக்கிறது. ரோட்டிஃபர் வளர்க்க எளிது, லிட்டர் கணக்கில் பெருகும்; ஆனால் ஈஸ்ட் மட்டும் தின்று வளர்ந்த ரோட்டிஃபர் சத்தில்லாத இரை. டிஎச்ஏ என்னும் கொழுப்பமிலம் அதில் இருக்காது. ஆகவே குஞ்சுக்குக் கொடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பு எண்ணெய்ச் சத்துக் குழம்பில் விட்டு அதன் குடலை நிரப்புகிறார்கள். ஆர்டீமியாவில் இன்னொரு சங்கடம்: பொரித்த உடனே அதற்கு வாய் திறந்திருக்காது, ஒரு சட்டை உரித்தபின்தான் சத்தை உட்கொள்ளும். உட்கொண்ட டிஎச்ஏவையும் தன் உடம்புக்குள் வேறு கொழுப்பமிலமாக மாற்றிவிடும். தாமதமாகக் கொடுத்தால் கொடுத்த சத்து காணாமல் போயிருக்கும். கோப்பிபாட் அப்படியன்று. கடலில் மீன்குஞ்சின் இயல்பான இரையே அது. டிஎச்ஏ அதன் பாஸ்போலிப்பிடிலேயே இருக்கிறது. கோப்பிபாட் தின்ற பாலன் ராஸ் குஞ்சுகளில் வளர்ச்சி மேம்பட்டது, எலும்புக் குறைபாடு குறைந்தது. ஆனால் கோப்பிபாட் வளர்ப்பு செலவு மிக்கது, அடர்த்தியாகப் பெருகாது. தொட்டிக்கு எத்தனை குஞ்சு என்று மட்டும் கேட்பவர் ரோட்டிஃபரோடு நிறுத்திக்கொள்வார். முதுகெலும்பு வளையாத குஞ்சு எத்தனை என்று கேட்பவர்தான் கோப்பிபாட்டுக்குச் செலவு செய்வார்.

இங்கே நம் பக்கத்துக்கு வரலாம். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் வட்டார மையம் 2010இல் கடல் விராலையும், 2011இல் வெள்ளிப் பாம்பனோவையும் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டியது. முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு மத்திய நிலையம் 1997லேயே கொடுவாவைப் பொரிக்கச் செய்திருந்தது. அவை சிறிய சாதனைகள் அல்ல. மண்டபத்தின் குஞ்சுத் தொட்டியிலும் அதே ரோட்டிஃபர், அதே ஆர்டீமியா, அதே சத்தூட்டல். கூடவே கடல் விரால், கொடுவாக் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும் பழக்கமுள்ளவை என்பதால் அளவு பிரித்துப் பிரித்து வேறு தொட்டியில் விடும் ஓயாத வேலையும் உண்டு. தூத்துக்குடி உப்பளங்களில் ஆர்டீமியா இயற்கையாகவே இருக்கிறது. ஆனாலும் நம் பொரிப்பகங்கள் அமெரிக்காவின் பெரும் உப்பு ஏரியிலிருந்து டின்னில் வரும் முட்டைகளையே பெரிதும் நம்பியிருக்கின்றன. செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் வரும் விழிஞ்ஞம் மையத்தில் கோப்பிபாட் வளர்ப்பில் நல்ல அனுபவம் உண்டு. இரண்டும் அருகிலிருந்தும் வணிகப் பொரிப்பகத்துக்குள் பரவலாக நுழையாததற்குக் காரணம், என் பார்வையில், அறிவின்மை அன்று. குஞ்சின் தரத்துக்கு யாரும் விலை தராததுதான்.

இந்த இடத்தில் ஒரு யோசனை எழலாம்: மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் நீலக்கோடிட்ட துப்புரவு ராஸ் வாழ்கிறது, அதை நம் கூண்டுகளுக்கு விட்டால் என்ன? அலெக்சாண்ட்ரா க்ரட்டர் ஆஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் செய்த ஆய்வின்படி, அந்த இனத்தின் ஒரு மீன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது. கவர்ச்சியான எண். ஆயினும் இந்த யோசனையை நான் ஏற்கவில்லை. கூண்டு கேட்கும் எண்ணிக்கையில் இதைப் பொரிப்பகம் தராவிட்டால் பாறையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். நார்வே கடலோரத்தில் நடந்ததே இங்கும் நடக்கும். இதுவும் பெண்ணாக இருந்து ஆணாக மாறும் மீன். ஓர் ஆணும் பல பெண்களுமாக ஓரிடத்தில் குடும்பம் நடத்துவது. பாறையில் வாடிக்கையாளர் வந்து நிற்கும் இடத்தில் தொழில் செய்யும் அந்த மீன், அலையடிக்கும் வலைக்குள் அதே வேலையைச் செய்யும் என்பதற்கு உறுதியில்லை. இதற்கெல்லாம் மேலாக, நம் கூண்டு மீன்களின் தோலில் ஒட்டும் தட்டைப்புழுக்களுக்கு நன்னீர்க் குளியல் என்ற எளிய வைத்தியம் கையில் இருக்கிறது. நார்வேயிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியது அவர்களுடைய மீன் அன்று, அவர்கள் தாமதமாகக் கற்ற கணக்கு.

அந்தக் கணக்கு மிகவும் தேவைப்படும் இடம் கடலன்று, குளம். தென்காசியை அடுத்த இலத்தூர், அனுமன் நதிப் பாசனத்தைச் சேர்ந்த ஊர். மேக்கரையில் அடவிநயினார் அணையைத் தாண்டி வரும் அந்த நதி வீரகேரளம்புதூரில் சிற்றாற்றோடு கலக்கிறது. இந்த வட்டாரக் குளங்களுக்குக் குற்றாலச் சாரல் காலத்தில் ஒரு தண்ணீர், ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு தண்ணீர். கார், பிசானம் என்று நெல்லுக்கு இரண்டு பருவம். மீனுக்கோ தண்ணீர் நிற்கும் மாதங்களே பருவம். மீன்பாசி குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பையில் கொண்டுவந்து விடுகிறார். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமானபின் வாயை அவிழ்த்து, குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுக் குஞ்சு தானாக நீந்தி வெளியேற விடுவது முறை. கொண்டுவந்த அவசரத்தில் பையைக் கிழித்துக் கொட்டினால் அதிர்ச்சியில் போவது போக, மிஞ்சியது விராலுக்கும் நீர்க்காகத்துக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் குஞ்சுக்கும் பத்து சென்டிமீட்டர் விரலிக்கும் பிழைப்பில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. நீர்த்தேக்கங்களில் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத விரலியையே விட வேண்டும் என்ற பரிந்துரை பழையது. ஆனால் விலை எண்ணிக்கைக்குத்தான் பேசப்படுகிறது. ஆயிரம் விரலிக்குக் கொடுக்கும் பணத்தில் பல மடங்கு சிறுகுஞ்சு கிடைக்கும்போது, பதிவேட்டில் சிறுகுஞ்சே அழகாகத் தெரிகிறது.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டை இன மீன்களைப் பொரிக்க வைத்ததிலிருந்து, இந்தியாவில் நுண்குஞ்சுக்குப் பஞ்சமில்லை. அந்த நாளைத்தான் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். எண்ணிக்கைச் சிக்கலை அன்றே தீர்த்துவிட்டோம். அதற்குப் பின்னும் அதையே தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.

குளத்துக் கெண்டைக்கும் பேன் உண்டு. ஆர்குலஸ் என்னும் மீன்பேன், தட்டையாக, வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவில் செதிலோடு ஒட்டிக்கொண்டு ஊர்வது. பேன் பிடித்த மீன் கரையிலும் கல்லிலும் உடம்பைத் தேய்க்கும். இதற்கும் ஒரு பேன் தின்னி தேடலாமே என்று தோன்றும். தேவையில்லை. மீன்பேன் தன் முட்டைகளைத் தண்ணீரில் மிதக்க விடாது, கடினமான பரப்பில் வரிசையாக ஒட்டிவைக்கும். மூங்கில் கழியையோ மரப்பலகையையோ நட்டுவைத்து, முட்டை பொரிவதற்குள் எடுத்து வெயிலில் காயவைத்தால் ஒரு தலைமுறையே குறைந்துவிடும். ஒட்டுண்ணிக் கட்டுப்பாடு என்றால் இன்னோர் உயிரை இறக்குவது மட்டும்தான் என்பதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நாம் ஏற்கெனவே ஒரு முறை அவசரப்பட்டிருக்கிறோம். கொசுப்புழு தின்ன 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கம்பூசியா, இன்று உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இருக்கிறது. 2012இல் கடையநல்லூர், தென்காசிப் பகுதியை டெங்கு உலுக்கியபின் கொசுவைப் பற்றி இங்கு யாருக்கும் அலட்சியம் இருக்க முடியாது. ஆயினும் கிணற்றுக்கும் தொட்டிக்கும் விட வேண்டியது, நெற்றியில் வெள்ளைப் புள்ளியோடு நீர்மட்டத்தில் மேயும் நம் நாட்டுச் சிறுமீனைத்தான். சிற்றாற்றின் ஓடைகளில் கம்பூசியாவைக் கலக்கவிடக் கூடாது.

எதிர்வாதம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். ஓராண்டுக் குத்தகைக்காரர் தரமான விரலிக்குக் கூடுதல் விலை தருவாரா? தரமாட்டார். தண்ணீர் எப்போது வற்றும் என்று தெரியாதவரிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் மாற்றம் வாங்குபவரிடமிருந்து அல்லாமல் விற்பவரிடமிருந்து, குறிப்பாக அரசுப் பண்ணைகளிடமிருந்து தொடங்க வேண்டும் என்கிறேன். மணிமுத்தாறு போன்ற பண்ணையிலிருந்து போகும் ஒவ்வொரு தொகுதிக் குஞ்சுக்கும் ஓர் அட்டை போதும்: விடும்போது சராசரி நீளம், உடல் குறைபாடுள்ளவற்றின் விகிதம், தின்ற முதல் இரை, விட்ட குளமும் நாளும், பிறகு 30ஆம் நாளிலும் 90ஆம் நாளிலும் ஒரு வலைவீச்சில் கண்டது. மண்டபத்திலும் முட்டுக்காட்டிலும் கடல் விரால், கொடுவா, பாம்பனோ குஞ்சுகளுக்கும் இதே அட்டை பொருந்தும். அங்கே கூண்டு என்பதால் எண்ணுவது இன்னும் எளிது. செலவு சிறிதுதான், புதிய கருவி ஏதும் வேண்டாம்.

மீன்வளத் துறையும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் சேர்ந்து அனுமன் நதிக் குளங்களில் அடுத்த இருப்புப் பருவத்திலேயே இதைத் தொடங்கலாம். 90ஆம் நாள் எண் வெளியிடப்படாத எந்தக் குஞ்சு உற்பத்திப் புள்ளிவிவரத்தையும் ஆய்விதழ்கள் இனி ஏற்கக் கூடாது என்பது இக்கட்டுரையாளரின் வேண்டுகோள்.